என் தட்டில் ஐந்து தேய்ப்பு

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு அறுபது கல்லில் முப்பத்தொன்றை ஒதுக்கினேன். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுப் போட்டு விரலெல்லாம் சிவந்துவிட்டது.

பேக்கிங்கில் இருக்கும் ஹேமாவதி கேட்டாள், "எல்லாக் கல்லும் ஒரே மாதிரித்தானுங்க்கா தெரியுது, எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?" என்று. இதென்ன அருவாள் தீட்டும் கல்லா, எல்லாம் ஒன்றாக இருக்க? சவரக் கத்தி தீட்டும் கல். நம் ஊர் சலூனில் எல்லாம் பிளேடு வந்துவிட்டது. வெளிநாட்டில்தான் இன்னும் மடக்குக் கத்தியைக் கல்லில் தீட்டி முகத்தில் வைக்கிறார்களாம். முகத்தில் வைக்கிற கத்தி என்றால் கல் எப்படி இருக்க வேண்டும்? அவளுக்கு முதலில் நகத்தைக் காட்டினேன். கட்டைவிரல் நகத்தைக் கல்லின் மேல் இழுத்தால் நகத்தில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் உள்ளே முரட்டு மணல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அப்புறம் தண்ணீர் தெளித்துக் காட்டினேன். ஓர் இடம் மட்டும் சீக்கிரம் காய்ந்தால் அங்கே கல் பொதபொதவென்று இருக்கிறது. கடைசியாகப் பென்சில். கல்லின் முகம் முழுக்கக் கட்டம் போட்டு, வைரத்தூள் ஒட்டிய என் இரும்புத் தட்டில் ஐந்தே ஐந்து தேய்ப்பு. கட்டம் முழுவதும் அழிந்தால் கல் சமம். எங்கே கோடு மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம்.

இன்று முப்பத்தொரு கல்லிலும் நடுவில் கோடு நின்றது. சென்னியப்பனைக் கூப்பிட்டேன். சூளையில் வெந்து வரும் கல்லை மெஷினில் போட்டுச் சமமாக்குவது அவன் வேலை. ஒன்பது வருஷமாக இருக்கிறான். எனக்குப் பதினொன்று.

"இதப் பாரு சென்னி. நடுவுல கோடு அப்படியே நிக்குது. பட்டினி கெடந்தவனாட்ட வயிறு ஒட்டிக் கெடக்குது."

"கல்லு சமமாத்தானுங்க்கா இருக்குது."

"அப்ப எம் பென்சிலு பொய் சொல்லுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் விடவில்லை. ஒரு கல்லை அவன் கையில் கொடுத்து, பொண்ணு பார்க்கப் போன மாதிரி கூச்சப்படாமல் தடவிப் பாரு என்றேன். மறுபடி சிரிப்பு. அவன் கல்லைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். இந்த வருஷம் பிறந்ததிலிருந்தே இவன் வேலை இப்படித்தான். என்னை எல்லோரும் 'ரிஜெக்ட் அக்கா' என்று பின்னால் சொல்கிறார்கள் என்று தெரியும். சொல்லட்டும்.

மாதப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். தராசு சரி. தட்டு சரி. தண்ணீர்த் தொட்டி சரி. வரும் வழியில் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

பத்து நாளைக்கப்புறம் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், ஆறு குடம். இடுப்பு கழன்றுவிட்டது.

மார்ச் 13, புதன்

இன்று அறுபதும் தேறியது. ஒன்றில்கூடக் கோடு நிற்கவில்லை. நானே நம்பாமல் பத்துக் கல்லை மறுபடி கட்டம் போட்டுத் தேய்த்தேன். துடைத்து விட்ட மாதிரி அழிந்தது.

"என்ன சென்னி பண்ணுனே?"

"நீங்க கேட்ட மாதிரி போட்டுட்டனுங்க்கா."

"இத மொதல்லயே செஞ்சிருந்தா உனக்கும் ஏச்சில்லை, எனக்கும் தொண்டை வலி இல்லை."

முதலாளி தாமோதரசாமி அந்தப் பக்கம் வந்தார். பாருங்க சார், சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னால் எல்லாம் நடக்கும் என்றேன். அவர் தலையாட்டினார். மனசுக்கு நிறைவாக இருந்தது. வீட்டில் பருப்பு போளி செய்தேன். இவர் ஐந்து சாப்பிட்டார்.

ஏப்ரல் 8, திங்கள்

காலையிலேயே முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். சென்னியப்பன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். மேஜையின் மேல் பிரித்த அட்டைப்பெட்டி. எங்கள் கல்தான், கடல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

"கத்தியோட நடுப்பகுதி மட்டுந்தான் கல்லுல படுதாம். முனையும் அடியும் தொடவே இல்லையாம். கல்லு கூன் விழுந்து கெடக்குதுன்னு எழுதியிருக்காங்க. நூத்தி நாப்பது கல்லு. அத்தனைக்கும் சரின்னு கையெழுத்து உங்களுது, அரசிம்மா."

"எங்கிட்ட வரும்போது சமமாத்தான் சார் இருந்துச்சு."

சென்னியப்பன் வாயைத் திறந்தான். "அக்கா தட்டுக்குத் தக்கன போட்டனுங் சார். நடுவக் கொஞ்சம் தூக்கி விட்டாத்தான் அக்கா வாங்கிக்கறாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்படியா சொன்னீங்க?"

"கல்லச் சமமாக்கச் சொன்னேன் சார். கூன் போடச் சொல்லி நா ஏன் சொல்லப் போறேன்?"

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் கூன் போடச் சொல்லவில்லை. முதலாளி பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "தட்ட மாசாமாசம் செக் பண்ணியிருக்காங்க. எல்லா மாசமும் சரின்னு இருக்குது. அப்புறம் தட்டுக்குத் தக்கனன்னா என்னப்பா அர்த்தம்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை என்று போட்டிருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் தட்டைக் கழுவித் துடைத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய், நேர் பார்க்கிற இரும்புப் பட்டையை அதன்மேல் குறுக்கே நிறுத்தி வைத்துப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே எனக்குக் கண் மங்கலாக இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 10, புதன்

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பவர் அப்படியேதானுங்க இருக்குது, போன வருசக் கண்ணாடியே போதும்" என்றார் கடைக்காரர். நன்றாகப் பார்த்தீர்களா என்று இரண்டு தரம் கேட்டேன்.

"கண்ணு நல்லா இருக்குதுன்னா சந்தோசமில்லீங்க படோணும்?" என்று சிரித்தார்.

ரவை வாங்கினேன். சோப்பு வாங்கினேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மட்டும் இல்லை என்று ஆகிவிடுமா?

தட்டு பள்ளம். செவ்வாய்க்கிழமையே நன்றாகத்தான் தெரிந்தது. பட்டைக்குக் கீழே, தட்டின் நடுவில், ஜன்னல் வெளிச்சம் மெல்லிசாக நுழைந்து வந்தது. ஓரங்களில் வரவில்லை. இன்றைக்கு மறுபடி பார்த்தேன். அதே வெளிச்சம்.

மூன்று வருஷமாக நடுவிலேயே வைத்துத் தேய்த்திருக்கிறேன். இரும்பென்றால் தேயாதா? நடு தேய்ந்து தட்டு பள்ளமாகிவிட்டது. பள்ளத் தட்டில் சமமான கல்லை வைத்தால் ஓரம்தான் படும், நடு படாது. நடுவில் கோடு நிற்கும். அதைப் பார்த்துவிட்டுக் கல் பள்ளம் என்று நான் ஒதுக்கியிருக்கிறேன். கூன் விழுந்த கல்தான் அந்தப் பள்ளத்தில் பொருந்தும். அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நல்ல கல்லையெல்லாம் ஒதுக்கி, கெட்டதையெல்லாம் பெட்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஐந்து தேய்ப்பு, ஐந்து தேய்ப்பு என்று எத்தனை பீற்றிக்கொண்டேன்.

மாசாமாசம் பட்டை வைத்துப் பார்க்க வேண்டும் என்று விதி. இரண்டு வருஷமாகப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே 'சரி' எழுதினேன். தட்டு எங்கே ஓடிப் போகிறது என்று நினைத்தேன்.

ஸ்டோரில் புதுத் தட்டு ஒன்று இருந்தது. வைரம் மழுங்கிவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டேன். பழையதை டிபன் பையில் போட்டு, மேலே துண்டைப் போட்டு மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் கம்பெனியிலிருந்து ஒரு ரப்பர் பேண்டுகூட வீட்டுக்குக் கொண்டுவந்தவள் இல்லை நான். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. கட்டிலுக்கு அடியில் செருப்புத் தேடிய இவர் தட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏ அரசி, என்ன புள்ள இது, தோசைக்கல்லா?" என்றார்.

"பழசுங்க. தூக்கிப் போடோணும்."

"தூக்கிப் போடறத எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தே?"

மோட்டார் காயில் கட்டுகிறவர், எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். பாயசம் ஆறிவிடும் என்று சொல்லி எழுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

புதுத் தட்டில் இன்றைக்குத்தான் சென்னியப்பன் கல் வந்தது. தேய்த்தேன். நடு பளிச்சென்று அழிந்தது, சுற்றி ஓரத்தில் எல்லாம் கோடு நின்றது. எதிர்பார்த்ததுதான். அறுபதையும் ஒதுக்கினேன். சாக்பீஸ் குறி போடவில்லை, சும்மா அடுக்கி வைத்தேன்.

அவன் வந்து நின்றான். கல்லைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான்.

"புதுசுங்களா?"

"ம்."

"பழைய தட்டு எங்கீங்க்கா?"

"பழைய இரும்புக்குப் போயிருக்கும்."

"இனி எப்படிங்க்கா போடட்டும்?"

"சமமாப் போடு."

"மொதல்ல போட்டுட்டிருந்த மாதிரியா?"

நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். முனை உடைந்துகொண்டே இருந்தது. அவன் போய்விட்டான். அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அவன் குரலை உயர்த்தி நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம்.

ஏப்ரல் 18, வியாழன்

மாதக் கடைசியோடு சென்னியப்பனை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. யாரால் தப்பு நடந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வாங்குகிறவர்கள் கேட்டிருக்கிறார்களாம். ஹேமாவதி வந்து சொன்னாள். அவன் வீட்டில் இரண்டு பிள்ளைகள், பெரியவள் பதினொன்றாவது. இவள் எதற்கு இதெல்லாம் என்னிடம் சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியாதா?

முதலாளி அறைக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். பேசியது யாரும் இல்லை, அவர் போனில்தான் பேசிக்கொண்டிருந்தார். வைக்கும்வரை நின்றிருக்கலாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

அவனுக்குக் கடைசி நாள். மத்தியானம் டீ வேளையில் என் மேஜைக்கு வந்தான். பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தான். பக்கவாட்டில் சிவப்புச் சாக்பீஸ் பெருக்கல் குறி. என் கைதான்.

"மார்ச்சுல நீங்க ஒதுக்குனதுங்க்கா. ஒன்னு மட்டும் எடுத்து வெச்சிருந்தேன். இப்ப ஒருக்காப் பாருங்க."

சுற்றிலும் ஆட்கள் டம்ளரோடு நின்றிருந்தார்கள். அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டம் போட்டேன். கட்டம் கோணலாக வந்தது. புதுத் தட்டில் தண்ணீர் விட்டு ஐந்து தேய்ப்பு. நிமிர்த்திப் பார்த்தால் ஒரு கோடு இல்லை. நகத்தை இழுத்தேன். தண்ணீர் தெளித்தேன். எப்பேர்ப்பட்ட கல் தெரியுமா? இந்த வருஷம் முழுக்க இப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை என்று எழுத வந்தேன். பார்த்திருக்கிறேன். முப்பத்தொன்று பார்த்திருக்கிறேன்.

"என்னங்க்கா?" என்றான்.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. கொட்டாவி விட எடுக்கும் நேரம்தான் ஆகும். நான் சொன்னது, "வெச்சுட்டுப் போ சென்னி, அப்பறமாப் பாக்கறேன்."

"இல்லீங்க்கா. நா எடுத்துட்டுப் போறனுங்." கல்லைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். என்னிடமும் சொல்லிக்கொண்டான்.

என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கக்கூஸில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 2, வியாழன்

சோறு பிடிக்கவில்லை.

மே 6, திங்கள்

பதினோரு மணிக்குப் போன் வந்தது. கணபதி ஏரியாவில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியாம். அங்கேயும் தேய்த்துச் சமமாக்கும் லேப்பிங் வேலை உண்டு. சென்னியப்பன் கேட்டு வந்திருக்கிறான்.

"மேடம், அவரு வேலை எப்படிங்க? குவாலிட்டி பாத்தது நீங்கதான்னு அவரேதான் உங்க நெம்பரக் குடுத்தாருங்க."

அவனே கொடுத்திருக்கிறான். வேறு யார் நம்பரும் கிடைக்கவில்லையா அவனுக்கு? கிடைத்திருக்கும். என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று கொடுத்திருக்கிறான்.

"உங்க கம்பெனிக் கல்லு எதோ திரும்பி வந்துச்சுன்னு கேள்விப்பட்டமுங்க. அது அவராலதானுங்களா?"

பக்கத்தில் ஹேமாவதி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். டேப் கிழிகிற சத்தம் கேட்டது. நான் சொன்னேன், "அதெல்லாம் மொதலாளியத்தான் கேக்கோணுமுங்க."

அந்த ஆள், "புரிஞ்சுதுங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன புரிந்தது அவருக்கு? நான் ஒன்றுமே சொல்லவில்லையே. சொல்லாததுதான் புரிந்திருக்கிறது.

தூ. எழுதுகிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மே 7, செவ்வாய்

இவரிடம் சொல்லிவிட்டேன். தட்டை வெளியே இழுத்துப் போட்டு, ஆதியோடந்தமாகச் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் தேற்றுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார், "இத எங்கிட்டச் சொல்லி என்ன புள்ள ஆகப் போகுது? நானா அவனுக்கு வேலை குடுக்கறேன்?"

"எனக்குத் தெரியவே தெரியாதுங்க அப்ப. யாராச்சும் ஒருத்தர் தட்டப் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"ஒருத்தருமா சொல்லலை?"

ஒருத்தரும் சொல்லவில்லை என்றேன்.

மே 8, புதன்

இந்த டைரியையே பின்னோக்கிப் புரட்டினேன். என்ன தேடினேன் என்று தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை என்பதை எனக்கே காட்டிக்கொள்ளத்தானோ என்னவோ. கிடைத்ததை அப்படியே திருப்பி எழுதுகிறேன். என் கையெழுத்துத்தான்.

ஜனவரி 19: சென்னியப்பன், 'தட்ட ஒருக்காப் பட்டை வெச்சுப் பாத்துருங்க்கா' என்கிறான். ஆடத் தெரியாதவன் பேச்சு. உன் மெஷினை முதலில் பார் என்று விரட்டிவிட்டேன்.

ஜனவரி 29: மறுபடி தட்டுப் பேச்சை எடுத்தான். எல்லோர் முன்னாலும் நன்றாகக் கொடுத்தேன். இனி எடுக்கமாட்டான்.

பிப்ரவரி 8: பட்டையையே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், என்ன திமிர். பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ரசத்துக்குப் புளி அதிகமாகிவிட்டது.

மூன்று தரம். மூன்று தரம் சொல்லியிருக்கிறான். மூன்றையும் உட்கார்ந்து எழுதிவிட்டு மறந்திருக்கிறேன். அவன் நினைப்பே எனக்கு அந்த அளவுக்குத்தான் இருந்திருக்கிறது, புளிக்குச் சமமாக.

மே 9, வியாழன்

டிபன் பையில் தட்டு, கைப்பையில் இந்த டைரி. ஒன்பது மணிக்கே முதலாளி அறைக்குப் போனேன். தட்டை மேஜையில் வைத்து, பட்டையை நிறுத்தி, ஜன்னல் பக்கம் குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர வெகு நேரம் ஆயிற்று. ஜனவரிப் பக்கத்தைக் காட்டினேன். பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்தையெல்லாம் காட்டினேன்.

"ஆள நிறுத்தியாச்சுன்னு அவங்களுக்கு எழுதிட்டனேம்மா. இப்ப என்னத்த எழுதறது?"

"நடந்தத எழுதுங்க சார். என் பேரப் போட்டே எழுதுங்க."

"பதினோரு வருசமா உங்க கையெழுத்த நா ஒரு நாளும் மறுபடி பாத்ததில்லை" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பத்தேகால் டீ வேளைக்கு எல்லோரும் கூடியபோது நடுவில் போய் நின்றேன். அவனைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்த இடம் அது. இருபத்திரண்டு பேர். "மார்ச்சுல சென்னி போட்ட கல்லு சமமாத்தான் இருந்துச்சு. எந் தட்டுதான் பள்ளம். பாக்காமயே மாசாமாசம் கையெழுத்துப் போட்டிருக்கறேன். அவன் மூணு வாட்டி சொன்னான், நா கேக்கலை. அவன் மேல தப்பே இல்லை." இவ்வளவுதான் சொன்னேன். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றது, சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஹேமாவதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்தக் கல்லக் கொண்டாந்து வெச்சானே, அன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?"

சொல்லியிருக்கலாம்.

வால்வு கம்பெனிக்கு நானே போன் போட்டேன். பெயரைச் சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "வேற ஆளு போட்டாச்சுங்களே மேடம், நேத்துத்தான்" என்றார்.

மே 10, வெள்ளி

சாயங்காலம் வெள்ளலூருக்குப் பஸ் ஏறினேன். சென்னியப்பன் வீட்டு வாசலில் அவன் மனைவி சுகந்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். 'வாங்க' என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் பகையாளி வந்து நின்றாலும் 'வாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நான் வாசலிலேயே நின்றேன். அவள் உள்ளே திரும்பி, "உங்களப் பாக்க வந்திருக்குது" என்றாள்.

அவன் வந்தான். திருநீறு பூசியிருந்தான். "வாங்க்கா" என்றான், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

நான் சொல்ல ஆரம்பித்தேன். தட்டு, பதிவேடு, போன் வந்தது, ஒன்றும் விடவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். போன் விஷயம் வந்தபோது மட்டும் சுகந்தி துலக்குவதை நிறுத்தினாள்.

"தப்புப் பண்ணிட்டேன் சென்னி. பெரிய தப்பு. மன்னிச்சுருன்னு கேக்கற மூஞ்சிகூட எனக்கு இல்லை."

"மத்தியானம் சார் கூப்புட்டாருங்க்கா. திங்கக்கெழமையில இருந்து வரச் சொன்னாரு."

"வந்துரு சாமி. வந்துரு."

"யோசிச்சுச் சொல்றன்னு சொல்லியிருக்கறேன்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "வெசனப்பட்டுக்காதீங்க்கா. தட்டு தேயறது யாருக்கும் நடக்குறதுதான். நா அதுக்காக யோசிக்கலை."

"பின்னே?"

"எங் கல்ல நீங்க பாக்கறதா இருந்தா நா வர்லீங்க்கா."

ஒன்பது வருஷத்தில் அவன் என்னிடம் நிமிர்ந்து சொன்ன முதல் வார்த்தை இது. நிமிர்ந்து சொன்னதும் இல்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னான். என்னாலும் நிமிர முடியவில்லை.

சரி என்றேன். சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன் என்றேன். சுகந்தி கழுவிய பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏழே காலுக்கு ஒரு பஸ் இருப்பதாக அவன்தான் சொன்னான்.

மே 11, சனி

முதலாளியிடம் சொன்னேன். அவர் ஹேமாவதியைக் கூப்பிடச் சொன்னார். இன்றைக்குப் பூராவும் அவளிடம் தட்டையும் பட்டையையும் ஒப்படைத்தேன். சோதனைச் சாமான் எல்லாவற்றுக்கும் அவள் ஒவ்வொன்றாகச் சரி பார்த்து டிக் போட்டாள். பட்டையை என் கண் முன்னாலேயே தட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

மே 20, திங்கள்

சென்னியப்பன் வந்துவிட்டான். நான் பேக்கிங்கில்.

மத்தியானம் அவன் போட்ட கல் நாற்பத்தெட்டு வந்தது, ஹேமாவதி கையெழுத்தோடு. ஒவ்வொன்றையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டினேன். நாற்பத்தெட்டில் ஒன்றைக்கூடத் தடவிப் பார்க்கவில்லை.